எல்லாம் சேர்த்துத்தான் வாடகை

அத்தியாயம் ஆறு: போர்வைக்குள் மெஷின்

குடி வந்து சில வாரம் ஆகியும் தையல்காரம்மாவுக்கு அந்தக் குழாய் மேல் நம்பிக்கை வரவில்லை.

திறந்தால் தண்ணீர் வருகிறது. இடது பக்கம் திருப்பினால் சுடுதண்ணீர் வருகிறது. விடியற்காலையில் வருகிறது, நடு மத்தியானத்தில் வருகிறது, ஏழாவது மாடிக்கு யாரும் சுமந்து வராமலேயே வருகிறது. அதற்குக் காசு கேட்டு யாரும் கதவைத் தட்டுவதில்லை. தண்ணீர், கரண்ட், காஸ், சுடுதண்ணீர் எல்லாம் சேர்த்துத்தான் வாடகை என்று ஒப்பந்தத்தில் போட்டிருக்கிறது. போட்டிருந்தால் மட்டும் போதுமா? தினமும் ஒரு தடவை குழாயைத் திறந்து விரலை நீட்டுவாள். சூடு ஏறியதும் சட்டென்று மூடிவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்ப்பாள்.

புதிதாக வந்து உட்கார்ந்த வாசகர்களுக்காக நாலு வார்த்தை. தையல்காரம்மாவின் கணவர் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர். காற்றில்லாத இரும்புத் தொட்டிகளுக்குள் படுத்துக்கொண்டு வருடக்கணக்கில் புகை குடித்ததில் நுரையீரல் கெட்டுப்போனது. இப்போது மூக்கில் குழாயோடு ஓர் ஆக்சிஜன் மெஷினை நம்பி உட்கார்ந்திருக்கிறார். அது இரவும் பகலும் ஓட வேண்டும். பழைய வீட்டில் கரண்டுக்குத் தனிக் கணக்கு. "அந்த மெஷின் போகணும், இல்லைன்னா நீங்க போகணும்" என்றார் அந்த வீட்டுச் சொந்தக்காரர். மெஷினும் இவர்களும் சேர்ந்தே வெளியே வந்தார்கள்.

இந்த அடுக்குமாடிக்கு வந்தபோது மெஷினைப் பற்றி வாயே திறக்கவில்லை. எல்லாம் சேர்த்துத்தான் என்று எழுதிய அதே ஒப்பந்தத்தில் 'சாதாரண வீட்டு உபயோகத்துக்கு' என்று ஒரு வரியும் இருந்தது. அந்த வரிக்குப் பயந்து மெஷினைப் போர்வையில் சுற்றி லிஃப்டில் ஏற்றினாள். கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர் கூடவே ஏறினார். இடுப்பில் ஒரு பெரிய கொத்து தொங்குவதால் இவர்கள் வீட்டில் அவருக்குச் 'சாவி' என்று பெயர்.

"என்னம்மா அது, இவ்வளவு கனமா?" என்று கேட்டார் சாவி.

"தையல் மெஷின்" என்றாள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

அன்றிலிருந்து யார் கதவைத் தட்டினாலும் முதலில் மெஷின் மேல் போர்வை விழும். அதற்கப்புறம்தான் கதவு திறக்கும்.

வியாழக்கிழமை காலை அந்தக் குழாய் வறண்டுபோனது.

'புஸ்' என்று ஒரு காற்று வந்தது. இரண்டு சொட்டு விழுந்தது. அவ்வளவுதான்.

"பாத்தியா? நான் சொன்னேன்ல?" என்றாள் தையல்காரம்மா. குரலில் கவலையை விட நிம்மதிதான் அதிகம்.

மகள் தலை வாரிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். அவள் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். ஆனால் பேச ஆரம்பித்த நாளிலிருந்து எதற்கும் எதிர்ப்பேச்சுப் பேசுவதால் வீட்டில் அவள் பெயர் வக்கீல்.

"அம்மா, லிஃப்டுல எழுதி ஒட்டியிருக்காங்க. கீழே வால்வு மாத்துறாங்களாம். மத்தியானம் வந்துடும்."

"மத்தியானம்னா எத்தனை மணிக்கு?"

"மத்தியானம்னா மத்தியானம். இதுக்கு மேல சாட்சி விசாரணை வேண்டாம்."

தண்ணீர் நின்றுபோனால் என்ன செய்ய வேண்டும் என்று தையல்காரம்மாவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. குழாயை முழுசாகத் திறந்து வைத்து, அடியில் பாத்திரத்தை வைத்துவிட வேண்டும். தண்ணீர் வரும்போது சத்தம் கேட்கும், ஓடிப்போய்ப் பிடிக்கலாம். குழாய்க்குக் காது கொடுத்துக்கொண்டே தூங்கி எழுந்து வளர்ந்தவள் அவள். சமையலறைத் தொட்டியில் ஒரு பாத்திரத்தை வைத்துக் குழாயைத் திறந்து விட்டாள்.

தொட்டியின் ஓட்டையில் ஒரு துணி உருண்டை அடைத்திருந்தது. பழைய வீட்டில் கரப்பான் பூச்சிகள் அந்த வழியாகத்தான் வரும் போகும். இந்த வீட்டில் ஒரு கரப்பான் பூச்சியைக்கூட இதுவரை யாரும் பார்க்கவில்லை. இருந்தாலும் மற்ற சாமான்களோடு அந்தத் துணி உருண்டையும் குடி வந்திருந்தது.

"ஏங்க, தண்ணி சத்தம் கேட்டா மூடிடுங்க. ஆனா கதவை மட்டும் யாருக்கும் திறக்காதீங்க."

"சரி" என்றார் வெல்டர். மூச்சை மிச்சம் பிடிப்பதால் அவர் பேச்சு எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும்.

அம்மாவும் மகளும் வேலைக்குக் கிளம்பினார்கள். அவர் ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்தார். அவருடைய நாள் முழுவதும் அங்கேதான் கழியும். தூரத்தில் கட்டடங்களுக்கு மேலே கிரேன் என்கிற இரும்புத் தூக்கிகள் மெல்லத் திரும்பும். எத்தனையோ தூக்கிகளின் கைக்கு ஒட்டுப் போட்டவர், அவற்றுக்குச் சமமான உயரத்தில் உட்கார்ந்து இதுவரை பார்த்ததில்லை. இந்த ஜன்னல் அவருக்கு வாய்த்ததை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு ஆச்சரியம் தீரவில்லை. பார்த்துக்கொண்டே கண்ணயர்ந்தார். பக்கத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அங்கேதான் தையல்காரம்மாவின் கணக்கு தப்பியது. பழைய வீட்டில் குழாய் நூல் மாதிரி ஒழுகும், பாத்திரம் நிரம்புவதற்குள் ஒரு சட்டையே தைத்து முடித்துவிடலாம். இங்கே வந்த தண்ணீர் ஏழு மாடி ஏறி வந்த தண்ணீர். வந்த வேகத்தில் பாத்திரம் நிரம்பியது, தொட்டி நிரம்பியது, தொட்டி வழிந்தது. மெஷினின் இரைச்சலில் அந்தச் சத்தம் அவர் காதுக்கு எட்டவே இல்லை.

கால் சில்லிட்டு விழித்தார்.

தரை முழுக்கத் தண்ணீர் பரவியிருந்தது. மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் பலகை தரையில் கிடந்தது, தண்ணீர் அதற்கு ஒரு கை தூரத்தில் வந்துகொண்டிருந்தது. தண்ணீரும் கரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று வெல்டருக்குத் தெரியாதா? ஒயரைப் பிடித்து இழுத்துப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு காலையும் கட்டில் மேல் தூக்கிக்கொண்டார். மூக்குக் குழாய் சமையலறை வாசல் வரைதான் நீளும். மற்ற நாளில் அதைக் கழற்றிவிட்டு இரண்டு எட்டு போய் வந்துவிடுவார்; பதறிப்போன நெஞ்சில் இப்போது அதற்கு மூச்சு இல்லை.

கதவு தடதடவென்று தட்டப்பட்டது.

"தையல்காரம்மா, தண்ணி கீழ் வீட்டுக்கு இறங்குது. கதவைத் திறங்க." சாவியின் குரல்.

போர்வை கைக்கெட்டும் தூரத்தில் மடித்து வைத்திருந்தது. வெல்டர் அதைப் பார்த்தார். எடுக்கவில்லை. சாவி வெளியிலேயே நின்று முதலில் என்ன செய்வார் என்று அவருக்குத் தெரியும். ஈர வீடு என்றால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் யாரும் உள்ளே வருவார்கள். அந்தச் சுவிட்சு நடைபாதையில், கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

நெஞ்சில் இருந்த அத்தனை காற்றையும் சேர்த்துக் கத்தினார்.

"உள்ள வாங்க. கரண்டை மட்டும் நிறுத்தாதீங்க. நான் அதுலதான் ஓடிக்கிட்டிருக்கேன்."

சாவி தன் கொத்திலிருந்து ஒன்றைத் தேடிக் கதவைத் திறந்தார். அவருக்குப் பின்னால் கீழ் வீட்டுக்காரி நின்றிருந்தாள், முழங்கை வரை வெள்ளை க்ரீமோடு, சண்டைக்குத் தயாராக. உள்ளே பார்த்ததும் அவள் ஓங்கிய கை தானாக இறங்கியது. மூக்கில் குழாய், மடியில் கரண்ட் பலகை, உதடு நீலம் பாய்ந்து ஒரு மனிதர். பக்கத்தில் போர்வை இல்லாமல் அந்த மெஷின்.

சாவி நேராகப் போய்க் குழாயை மூடிவிட்டு வந்தார்.

"இதுதானா அந்தத் தையல் மெஷின்?"

"ஆமா" என்றார் வெல்டர், மூச்சு வாங்க. "என் மூச்சுக்கு ஒட்டுப் போட்டுக்கிட்டிருக்கு."

தையல்காரம்மா உடுப்புத் திருத்தும் கடையில் யாரோ ஒருவருடைய கால்சட்டைக்கு மடிப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது சாவியிடமிருந்து போன் வந்தது. 'வீட்டுல தண்ணி, உடனே வாங்க' என்பதோடு அது அறுந்துவிட்டது. ஊசி குத்தாமல் விரலில் மாட்டியிருந்த உறையைக் கழற்றாமலேயே ஓடினாள். லிஃப்டுக்குள் நின்றபோதுதான் காலையில் தொட்டியில் இருந்த துணி உருண்டை அவள் நினைவுக்கு வந்தது. ஏழாம் மாடிப் பொத்தானை மறுபடி மறுபடி அமுக்கினாள்.

வீடு திறந்து கிடந்தது. தரையை யாரோ வழித்துத் துடைத்திருந்தார்கள். கட்டில் காலி. கணவரைக் காணோம். மெஷினையும் காணோம். போர்வை மட்டும் நனைந்து ஜன்னல் கம்பியில் தொங்கியது.

தூக்கி எறிந்துவிட்டார்கள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஆளை எங்கே கொண்டு போனார்களோ? 

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

மெல்லிய இரைச்சல், நடுவில் நடுவில் ஒரு பெருமூச்சு. ஊரில் எத்தனை மெஷின் ஓடினாலும் அவளுக்கு அந்த ஒன்றைத் தெரியும். படிக்கட்டு வழியாகக் கீழிருந்து வந்துகொண்டிருந்தது. செருப்பை விட்டுவிட்டு இறங்கினாள். ஆறாவது மாடியில் ஒரு கதவு விரியத் திறந்திருந்தது.

உள்ளே மேசை முழுக்கக் கேக். தரை முழுக்கப் பாத்திரங்கள், ஒவ்வொன்றிலும் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு நல்ல நாற்காலியில், இரண்டு தலையணைக்குச் சாய்ந்து, அவள் கணவர் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். மெஷின் அடுப்புக்கு எட்டாத மூலையில் அந்த வீட்டுக் கரண்டில் ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் பயப்படாமல், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் அவள் ஒளித்து வைத்திருந்ததை முன்பின் தெரியாத இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து இப்படி உட்கார வைத்திருக்கிறார்கள். அவள் வாசலிலேயே மலைத்து நின்றுவிட்டாள்.

"நீங்கதான் மேல் வீடா?" என்றாள் கேக் செய்கிறவள். பாசமெல்லாம் ஒன்றும் இல்லை அந்தக் குரலில். "மூணு அடுக்கு. சாயங்காலம் கொடுக்கணும். ஊர்ல இவ்வளவு இடம் இருக்க, உங்க தண்ணி சரியா நடு அடுக்குல வந்து விழுந்திருக்கு."

"மன்னிச்சிடுங்க. நான்..."

"மன்னிப்பெல்லாம் அப்புறம். க்ரீம் அடிக்க ஆள் வேணும் எனக்கு."

அந்த நேரம் பார்த்து மகள் மூச்சிரைக்க உள்ளே வந்தாள். "எங்கப்பாவை யாரைக் கேட்டுத் தூக்கிட்டு..." என்று வழக்கை ஆரம்பித்தவள் கையில் ஒரு பெரிய பாத்திரம் கொடுக்கப்பட்டது. அன்று சாயங்காலம் வரை வக்கீல் வாய் திறக்கவில்லை. அவள் வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

"ராத்திரியெல்லாம் இந்தச் சத்தம் கேக்கும்" என்றாள் கேக் செய்கிறவள், மெஷினைக் காட்டி. "மேல ஒருத்தி விடிய விடியத் தைக்கிறாளேன்னு முதல்ல புகார் கொடுக்கத்தான் இருந்தேன். அப்புறம் பாவமா இருந்துச்சு. இப்ப என்னடான்னா அது இல்லாம எனக்கே தூக்கம் வராது போல."

கூரையில் ஒழுகும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சாவி ஏணியிலிருந்து இறங்கிக் கையைத் துடைத்தார். தையல்காரம்மாவைப் பார்த்து, "ஈரம் காயுற வரைக்கும் மேல மெயினை நிறுத்தியிருக்கேன், அதான் உங்க சின்ன சிலிண்டரை மாட்டி இவரை இங்க தூக்கிட்டு வந்தோம். நீங்க என்கூடக் கீழே வாங்க. ஒண்ணு காட்டணும்" என்றார்.

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே போ என்றார். காலி பண்ணச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று இருவருமே நினைத்தார்கள்.

லிஃப்ட் தரைத்தளத்தையும் தாண்டிக் கீழே போனது. அதற்கும் கீழே ஒரு தளம் இருக்கிறது என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும். சாவி ஓர் இரும்புக் கதவைத் தள்ளினார். உள்ளேயிருந்து வெப்பம் முகத்தில் அடித்தது.

ஆள் உயரத்துக்கு மோட்டார்கள். பழைய வீட்டு அறையை விடப் பெரிய பாய்லர். சுவர் கண்ணுக்குத் தெரியாதபடி குழாய்கள். நீலத்தில் பச்சைத்தண்ணீர், சிவப்பில் சுடுதண்ணீர், மஞ்சளில் காஸ். எல்லாம் வரிசை பிசகாமல் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போயின. தரையே மெல்ல அதிர்ந்தது. அவள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். எல்லாம் சேர்த்துத்தான் வாடகை என்ற அந்த ஒற்றை வரிக்கு உள்ளே இவ்வளவும் இருக்கும் என்று யார் கண்டது?

"இத்தனையும் எங்களுக்கா?" என்று கேட்டாள்.

"உங்களுக்கு மட்டும் இல்ல. உங்களுக்கும்தான்" என்றார் சாவி. "குடி வர்றவங்க எல்லாரும் ஜன்னலைப் பாப்பாங்க, சமையலறையைப் பாப்பாங்க. இங்க இறங்கி யாரும் வந்ததில்ல. இந்த நீலக் குழாயில கையை வைங்க. உங்க வரிசை."

வைத்தாள். உள்ளங்கைக்குள் குழாய் துடித்தது.

"மேல யாரோ திறந்திருக்காங்க. போகுது பாருங்க."

தண்ணீர் அவள் கையைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தது. நடக்கத் தெரிந்த வயதிலிருந்து தண்ணீர் சுமந்தவள். இடுப்பில் குடம், கையில் வாளி, நடுவில் இறக்கி வைக்க முடியாத படிகள். தண்ணீர் தானாக மேலே ஏறும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அது ஏறும்போது கையால் தொட்டுப் பார்த்ததில்லை. அவளுக்கு அழுகை வந்தது. துக்கமெல்லாம் இல்லை, வெறும் பிரமிப்புதான். சாவி நாகரிகமாக ஒரு மோட்டாரைச் சோதிக்கப் போய்விட்டார்.

திரும்பி வந்தவர், "உங்க மெஷின் இழுக்கிற கரண்ட் இங்க ஒரு விஷயமே இல்ல. மூணாவது மாடிக்காரர் மீன் தொட்டிக்கு இதைவிட அதிகமா எடுக்கிறார்" என்றார். "அதுக்காக மறைச்சது சரின்னு ஆயிடாது. நீங்க குடி வந்த புதுசுல ஒரு நாள் கரண்ட் போச்சே, அப்ப என்ன பண்ணீங்க?"

"அந்தச் சின்ன சிலிண்டர்தான் இருக்கு. அதைப் போட்டோம்."

"அது தீர்றதுக்குள்ள கரண்ட் வரலைன்னா?"

அவள் மறுபடி நீலக் குழாயில் கையை வைத்தாள். பதில் அவளுக்குத் தெரியும்.

சாவி மூலையில் இருந்த ஜெனரேட்டரைக் காட்டினார். கரண்ட் போனால் லிஃப்டுக்கும் படிக்கட்டு விளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மட்டும் அது ஓடும். வீடுகளுக்குக் கிடையாது.

"இதுலேருந்து உங்க வீட்டுக்கு ஒரு ஒயர் இழுக்கலாம். ஊரே இருட்டானாலும் உங்க மெஷின் நிக்காது. ஆனா வீட்டு உரிமையாளர் அம்மா சம்மதிக்கணும். அவங்க சம்மதிக்கணும்னா நீங்க மெஷினைப் பத்தி சொல்லணும்."

"சொன்னா காலி பண்ணச் சொல்லிட்டாங்கன்னா?"

"சொல்லலாம். எனக்குத் தெரியாதும்மா. நீங்க சொல்ல வேண்டாம்னா நானும் இன்னைக்கு எதையும் பாக்கல. கேக் அம்மாகிட்டயும் பேசிக்கறேன். ஆனா ஒயர் இல்ல."

அந்தி சாயும் நேரம் மெஷினும் மனிதரும் ஏழாவது மாடிக்குத் திரும்பினார்கள். கேக் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்திருந்தது. கூரைக்கு யார் வெள்ளையடிப்பது என்ற பேச்சு மட்டும் பாக்கி. சாவி சொன்னதோடு நிற்கவில்லை. ஒயரை இவர்கள் வாசல் வரை இழுத்துச் சுருட்டி வைத்திருந்தார். ஒரு முனை கீழே ஜெனரேட்டர் பக்கம், மறுமுனை எதிலும் சேராமல் கதவோரம் கிடந்தது.

"சொல்லக் கூடாது" என்றாள் மகள். வாய் திரும்பி வந்துவிட்டது. "சாதாரண வீட்டு உபயோகம்னு கையெழுத்துப் போட்டிருக்கோம். சொன்னா நாளைக்கே தெருவுல நிப்போம். இன்னொரு சிலிண்டர் வாங்கி வச்சிக்கலாம்."

"அதுவும் தீரும்டி."

"மறுபடி மெஷினைத் தூக்கிக்கிட்டு வீடு வீடா அலையறதுக்கு அப்பாவால முடியுமா? அதைச் சொல்லு."

தையல்காரம்மா கணவரைப் பார்த்தாள். "நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் கொஞ்ச நேரம் காற்றைச் சேர்த்துக்கொண்டார். "இன்னைக்கு ஒரு மத்தியானம் திறந்த கதவுல உக்காந்திருந்தேன். நல்லா இருந்துச்சு."

 அவள் போனை எடுத்தாள்.

வீட்டு உரிமையாளர் அம்மாவை ஒப்பந்தத்தன்று ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார்கள். பேனா மூடியைக்கூட இரண்டு தடவை திருகிப் பார்த்து மூடுகிற ஆள். தையல்காரம்மா எல்லாவற்றையும் சொன்னாள். போர்வை, தையல் மெஷின் என்ற பொய், துணி உருண்டை, கேக், ஒயர். 

கடைசியில் ஒரே ஒரு கேள்வி வந்தது. "இப்ப அது ஓடுதா?"

"ஓடுதுங்க."

"போனை அது பக்கத்துல கொண்டு போங்க."

கொண்டு போய்ப் பிடித்தாள். மெஷின் இரைந்தது, பெருமூச்சு விட்டது, இரைந்தது.  ஊரில் எல்லோரும் வேலை முடிந்து வந்து எல்லாவற்றையும் போடுகிற நேரம் அது. அந்த நேரத்தில் தினமும் ஒரு தடவை செய்வதுபோல விளக்கு ஒரு கணம் அணைந்து எரிந்தது. மெஷின் 'கீ' என்று அலறிவிட்டு மறுபடி ஓட ஆரம்பித்தது.

"என்ன சத்தம் அது?" என்றது போன்.

"கரண்ட் ஒரு நொடி நின்னுச்சுங்க."

"ஒரு நொடிக்கு மேல நின்னா?"

சாவிக்குச் சொல்லாத பதிலை இப்போது சொன்னாள். "சிலிண்டர் தீர்ற வரைக்கும் இவர் இருப்பாருங்க."

போன் அறுந்துவிட்டதோ என்று மகள் எட்டிப் பார்த்தாள்.

"காலைல வர்றேன்" என்றது குரல். கோபமா, என்ன என்று பிடிபடவில்லை. "நான் வரும்போது எதையும் மூடி வைக்காதீங்க."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

"இருக்கச் சொல்றாங்களா, போகச் சொல்றாங்களா?" என்றாள் வக்கீல்.

"தெரியலடி."

தையல்காரம்மா ஜன்னலுக்குப் போனாள். போர்வை காய்ந்திருந்தது. வழக்கம்போல அதை மெஷினுக்குப் பக்கத்தில் மடித்து வைக்கப் போனவள், நின்று, கணவரின் கால் மேல் விரித்துவிட்டாள். அவர் கால் மத்தியானத்திலிருந்து சில்லிட்டே இருந்தது.